கைவாகு

மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்று தாலுகா ஆபீசில் சொன்னபோது தைலம்மாளுக்கு அது புரியவில்லை. தள்ளுபடி என்றால் ஆடி மாதம் துணிக்கடையில் போடுவார்களே, அதுதான் அவளுக்குத் தெரியும். முகத்தில் சிரிப்போடுதான் நின்றுகொண்டிருந்தாள். எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"இல்லம்மா. ஒனக்குப் பணம் வராது. ஊனமுற்றோர் பென்சன் வாங்கணும்னா சர்ட்டிபிகேட்டுல நாப்பது இருக்கணும். ஒனக்கு முப்பத்தாறு போட்டுக்கீறாங்க."

"இன்னா சார் நாப்பது? வயசா? எனக்கு நாப்பத்திமூணு ஆவுது சார்."

"வயசு இல்லம்மா. ஊனம். நூத்துக்கு எவ்ளோ ஊனம்னு டாக்டர் கணக்குப் போட்டுத் தருவாரு. நாப்பதோ அதுக்கு மேலயோ இருந்தா நாங்க எழுதுவோம். நாலு கம்மியா கீது."

தைலம்மாள் தன் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல் அடியோடு இல்லை. ஆள்காட்டி விரலும் இல்லை. அந்த இரண்டும் இருந்த இடம் மழமழவென்று கூழாங்கல் மாதிரி ஆகியிருந்தது. மிச்சமிருந்த மூன்று விரல்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, பிடிக்க எதிரில் ஒன்றுமில்லாமல் நின்றன. இதில் எங்கே முப்பத்தாறு முடிகிறது, எங்கே நாற்பது தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு வெரலு போயிருந்தா குடுத்துருப்பாங்களா சார்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தின வருசம் அது. எந்தப் பெரிய காரியத்துக்கும் விழுப்புரத்துக்குத்தான் ஓட வேண்டும். மணலூர்பேட்டையிலிருந்து மூன்று கல் தள்ளி, தென்பெண்ணைக் கரையோரம் இருந்த காலனியில் தைலம்மாளுக்கும் ராசுவுக்கும் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. நிலம் கிடையாது. ஒரே மகளை எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மார்கழி பிறந்தால் சித்திரை முடிய கரும்பு வெட்டு. மிச்ச நாளில் நடவு, களை, கிடைத்த கூலி வேலை. கரும்பு வெட்டுக்கு ஆளை ஒற்றையாக எடுக்க மாட்டார்கள். ஜோடியாகத்தான் எடுப்பார்கள். புருசன் பெண்டாட்டியாக இருந்தால் மேஸ்திரிக்கு நிம்மதி. கொளஞ்சியப்பன் மேஸ்திரியின் கும்பலில் பன்னிரண்டு ஜோடி இருந்தது. அதில் முதல் ஜோடி என்று இவர்களைத்தான் சொல்வார்கள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் மற்றவர்கள் வெட்டுவதைவிட இரண்டு கரும்புப் பார் வரிசை முன்னே போயிருப்பார்கள்.

போன வருசம் மாசியில் அது போயிற்று. தைலம்மாளின் பெரியப்பா மகன் ஒருவன் வெல்லம் காய்ச்ச ஆலை குத்தகைக்கு எடுத்திருந்தான். ஆலைக்கு ஆள் வரவில்லை, ரெண்டு நாள் வந்து கரும்பு குடு தங்கச்சி என்று கூப்பிட்டான். போனாள். உருளைக்கு முன்னால் உட்கார்ந்து கரும்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு கோணல் கரும்பு உள்ளே போகாமல் திமிறியது. அதை அழுத்தினாள். கரும்பு போனது, கூடவே கையும் போனது. பெல்ட்டைத் தட்டிவிட யாரோ ஓடியதும், கொப்பரையில் பாகு பொங்கி வழிந்து கருகிய வாசனையும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அண்ணன்காரன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான், கூடவே இருந்தான், அழுதான். அந்தப் பருவம் முடிந்ததும் ஆலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

தாலுகா ஆபீசுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் ராசு வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தான். அவன் இப்போது எந்தக் கும்பலிலும் முழு ஆள் இல்லை. யாருடைய பெண்டாட்டிக்காவது காய்ச்சல் வந்தால் அந்த இடத்துக்குப் போவான். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, தைலம்மாள் நடந்ததைச் சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னன்," என்றான் ராசு. "இன்னாத்துக்கு இந்த ஊனச் சீட்டு? நாளைக்கு ஒன்ன தைலம்மான்னா கூப்புடுவானுங்க? நொண்டிக்கையிம்பானுங்க."

"இப்ப மட்டும் இன்னான்னு கூப்புடறானுங்க?"

"எனக்குக் கேக்கற மாதிரி எவனும் கூப்புடல."

"ஒனக்குக் கேக்காது. நடவுக்கு ஆள் எண்றப்ப என்ன வுட்டுட்டு எண்றாங்க. அது எனக்குக் கேக்குது."

ராசு அடையைப் பிட்டு வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான். பிறகு தின்றான். 

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள்தான் தெரசா டீச்சரைப் பற்றிச் சொன்னாள். தெரசா டீச்சர் இருபது வருசம் பால்வாடியில் வேலை பார்த்தவர். இப்போது திருக்கோவிலூர் கோர்ட்டு வளாகத்தில் இருந்த சட்டப் பணிகள் குழுவுக்குத் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்தார். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருவார், வக்கீல் வேண்டுமென்றால் காசில்லாமல் வக்கீல் ஏற்பாடு செய்வார். சந்தை நாளில் மணலூர்பேட்டை சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் என்றாள்.

அந்த மேசைக்கு முன்னால் தைலம்மாள் போய் நின்றபோது, டீச்சர் ஒரு கிழவனுக்கு ரேசன் கார்டு விசயமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பருத்த உடம்பு, நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. தைலம்மாளின் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். மேசைமேல் வைத்த அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிபட்டதிலிருந்து டாக்டரைத் தவிர வேற்று ஆள் யாரும் அந்தக் கையைத் தொட்டதில்லை.

"இந்த சர்ட்டிபிகேட்டு எங்க குடுத்தாங்க?"

"முகாமுல டீச்சர். ஒரு கல்யாண மண்டபத்துல போட்டாங்க. ஒரே கும்பலு. என் முறை வர மூணு மணி ஆச்சு."

"டாக்டரு இன்னா கேட்டாரு? ஒண்ணு வுடாம சொல்லு."

"வேல வெட்டி எல்லாம் செய்வியாம்மான்னாரு. செய்வன் சார்னன்."

"அப்பறம்?"

"தண்ணி எடுப்பியான்னாரு. அங்க ஒரு தண்ணிக் கேனு இருந்துச்சு. தூக்கிக் காட்னன். கையில இல்ல, முழங்கையில மாட்டிக்கினு. நல்லா சமாளிக்கிறியேம்மான்னு சிரிச்சாரு. எனக்கும் சந்தோசமா இருந்துச்சு."

தெரசா டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, ஊனச் சீட்டு வாங்கப் போயி, ஊனம் இல்லன்னு காட்டிட்டு வந்துக்கீற."

"பின்ன எப்டி டீச்சர்? முடியாதுன்னு சொல்றதா? நாலு பேரு கியூவுல நிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் முடியாதுன்னு எப்டி வாய்தொறந்து சொல்றது?" அவள் குரல் ஏறியது. பதினாறு வயதிலிருந்து அவளுக்குக் கூலி கொடுத்தவர்கள் எல்லாரும் அவளால் என்ன முடியும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"பொய் சொல்லச் சொல்லல. செய்றன்னு சொல்றீயே, எப்டி செய்றன்னு சொல்லணும். தண்ணி எடுப்பன், ஆனா முழங்கையில மாட்டித்தான் எடுப்பன், ஒரு கொடத்துக்கு மூணு தரம் எறக்கி வெப்பன். அதுதான நெசம்? அத முழுசா சொல்லு. பாதி நெசத்த மட்டும் சொல்லிட்டு வந்துக்கீற நீ."

கை எப்படிப் போனதென்று டீச்சர் கேட்டார்; ஆலையில் நடந்ததைத் தைலம்மாள் சொன்னாள்.

"அந்த ஆல ஓனரு மேல கேசு போடலாம், தெரியுமா? வேலையில அடிபட்டா நஷ்டஈடு உண்டு."

"அண்ணன் மேலயா? அவனே ஒண்டக் குடிசை இல்லாம கல்லு செமக்கப் போய்ட்டான். வேணாம் டீச்சர்."

"சரி, அது ஒன் இஷ்டம். இந்த முப்பத்தாற நான் வக்கீலுகிட்ட காட்றன். காசு கீசு இன்னா ஆவும்னு பயப்படாத. பொம்பளைங்களுக்கு ஓசிதான், சட்டமே அப்டித்தான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி ஒங்க வூட்டுக்கு வரன். ஒம் புருசன் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். ராசு வெளியே வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்துகொண்டான். தைலம்மாள் டீ போட்டாள். தெரசா டீச்சர் டீயை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் டம்ளரை எப்படிப் பிடித்துவந்தாள் என்பதையே பார்த்தார்.

"வக்கீலு சர்ட்டிபிகேட்டப் பாத்துட்டாரு. வெரலு போனதுக்குப் போட்ட கணக்கு சரிதானாம். அதுல தப்பில்ல. ஆனா அதுல ஒரு கட்டம் கீது. வாகான கை எதுன்னு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை வாகு இருக்குமே, அந்தக் கையில அடிபட்டிருந்தா தனியா நாலு சேத்துப் போடலாம்னு விதி கீதாம். ஒனக்கு வாகான கை வலதுன்னு எழுதிக்கீது. அடிபட்டது எடது. அதான் நாலு வரல."

"ஆமா, வலதுதான்," என்றாள் தைலம்மாள் உடனே.

"டாக்டரு எப்டிக் கேட்டாரு?"

"எந்தக் கையில சாப்புடுவன்னாரு. சோத்தாங்கையிலன்னன். எல்லாரும் அதுலதான சாப்புடுவாங்க?"

தெரசா டீச்சர் டீயை ஒரு மிடறு குடித்தார். "எங்கப்பா ஆலையில கரும்பு குடுத்தவரு. நானும் சின்னதுல ஒக்காந்து குடுத்துருக்கன். கரும்பத் தள்றது வாகான கைதான். மத்த கை கட்டுலேர்ந்து எடுத்துக் குடுக்கும். வலது கை வாகுன்னா ஒருளைக்கிட்ட வலது கைதான் போவும். ஒனக்கு எடது கை எப்டி மாட்டுச்சி?"

தைலம்மாள் குனிந்து தரையில் இல்லாத குப்பையைப் பொறுக்கினாள். "எப்டியோ மாட்டிக்கிச்சி. விதி."

"தைலா..."

"அதான் மாட்டிக்கிச்சின்றன்ல டீச்சர்!"

 ஆற்றுப்பக்கமிருந்து மணல் காற்று வந்தது. ராசு தொண்டையைச் செருமினான்.

"அவ பீச்சாங்கைக்காரி டீச்சர்."

"யோவ்!"

"இருவது வருசம் எனக்கு எடப்பக்கம் நின்னு கரும்பு வெட்னவ. எனக்குத் தெரியாதா?" என்றான் ராசு. அவளைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தே சொன்னான். "சோறு துன்றது மட்டுந்தான் சோத்தாங்கை. கத்தி, மம்பட்டி, தொடப்பம், எல்லாம் அந்தக் கைதான்."

தைலம்மாள் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஊரில் யாருக்கும் அது தெரியாது என்று சொல்ல முடியாது. கும்பலில் இருந்த அத்தனை பேரும் பார்த்ததுதான். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சின்ன வயதில் இடது கையால் சோற்றை அள்ளினாள் என்று அவள் அம்மா ஒரு வருசம் முழுக்க, சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைப் பழந்துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப்போட்டாள். கழுவுற கையால் சோறு தின்றவளை எவன் கட்டுவான் என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில், மாமியாருக்கு வெற்றிலைத் தட்டை அவசரத்தில் அந்தக் கையால் நீட்டிவிட்டாள். மாமியார் வாங்கவில்லை. தட்டைத் தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள்.

ராசு வெளியே அவள் கரும்பு வெட்டுக்கு வந்த கதையை டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"மொத வருசம் வெட்டுக்கு வந்தா. சோத்தாங்கையில கத்தியப் புடிச்சிக்கினு கொத்திக்கினு கெடப்பா. எல்லாரும் பார முடிச்சிட்டு கஞ்சி குடிக்கறாங்க, இவ பாதியில நிக்கறா. மேஸ்திரி இது வேலைக்கு ஆவாதுன்னுட்டாரு. நான் பாத்தன், தண்ணி மோக்கறது, கரும்புல காஞ்ச சோக உரிக்கறது எல்லாம் அந்தக் கை தன்னால போவுது. நான் சொன்னன், எந்தக் கையில வருதோ அந்தக் கையில வெட்டுமே, கரும்புக்கு இன்னா தெரியும்னு. சுத்திப் பாத்துட்டு கத்திய மாத்துனா டீச்சர். அவ்ளோதான். அப்பால அவள யாராலயும் புடிக்க முடியல."

"ஏன் எடப்பக்கம்?"

ராசு எழுந்து நின்று காட்டினான். "நான் சோத்தாங்கையில வெட்றன். இந்தக் கையில கரும்பப் புடிச்சி எடப்பக்கம் போடறன். அவ பீச்சாங்கையில வெட்றா, சோத்தாங்கையில புடிச்சி வலப்பக்கம் போடறா. அவ எனக்கு எடப்பக்கம் நின்னா ரெண்டு பேரு கரும்பும் நடுவுல ஒரே கும்பியில வுழும். கத்தி ரெண்டும் வெளிப்பக்கம். இடிச்சிக்காது, திரும்பத் தேவயில்ல. மத்த ஜோடிங்கள்ல ஒரு ஆளு ஒவ்வொரு கரும்புக்கும் இடுப்பத் திருப்பணும். நாங்க திரும்பவே மாட்டோம். அதான் மொத ஜோடி."

சொல்லிவிட்டு அவன் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். தெரசா டீச்சர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். பிறகு கதவருகே வந்து உள்ளே பார்த்துச் சொன்னார்:

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல தைலா. நானும் பைபிளப் பொரட்றது எடது கையிலதான்."

உள்ளே தைலம்மாள் அடுப்பைக் கிளறினாள். சற்றுக் கழித்து, "இன்னொரு டீ போடவா டீச்சர்?" என்று கேட்டாள்.

வக்கீல் மேல்முறையீட்டு மனு எழுதினார். கொளஞ்சியப்பன் மேஸ்திரி ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் முதலில் தயங்கினார். கோர்ட்டுத் தாளில் கையெழுத்து என்றால் யாருக்கும் தயக்கம்தான். தெரசா டீச்சர் அதைப் படித்துக் காட்டிய பிறகு, "இது நெசந்தான? நெசத்துக்குப் போடறதுல எனக்கு இன்னா?" என்று போட்டுக்கொடுத்தார். போகும்போது தைலம்மாளிடம், "நீ இல்லாம என் கும்பல்ல இப்பவும் எடப்பக்கம் காலியாத்தான் கீது," என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்குக்குச் சொன்னாரா தெரியவில்லை. 

ஆவணி கடைசியில் விழுப்புரத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மருத்துவக் குழு மறுபடி பார்க்கும். விடியற்காலை பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள். ராசு மடிப்புக் கலையாத வேட்டி கட்டியிருந்தான். பஸ்ஸில் தெரசா டீச்சர் பொட்டலத்தைப் பிரித்து இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துக் கொடுத்தார். தைலம்மாள் ஒன்றைத் தின்றுவிட்டுப் போதும் என்றாள்.

"நான் சொன்னது ஞாபகம் கீதா?"

"கீது டீச்சர். செய்றன்னு சொல்லாம எப்டி செய்றன்னு சொல்லணும்."

"கூட்டியும் சொல்லாத. கொறச்சும் சொல்லாத."

அறைக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் ஒரு பெண். ஓரத்தில் இருந்த வயதான டாக்டர் பழைய தாளையும் புது மனுவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போன தடவ வலது கைதான் வாகுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இப்ப இடதுன்னு மனு போட்டிருக்கீங்க. நடுவுல கை மாறிடுச்சா? இல்ல, யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

தைலம்மாளுக்குக் காது சூடானது. "சொல்லிக் குடுக்கல சார். முகாமுல இருந்த டாக்டரு எந்தக் கையில சாப்புடுவன்னு கேட்டாரு. சாப்புடறது சோத்தாங்கை. அது எங்கம்மா கட்டிப்போட்டுப் பழக்கினது. மத்ததெல்லாம் இந்தக் கை."

"அதுக்கு என்ன ஆதாரம்? ஒரு மேஸ்திரி எழுதிக் குடுத்தா போதுமா?"

"வெளிய எம் புருசன் கீறாரு. கேளுங்க."

"புருசன் உங்களுக்கு மாத்தியா சொல்லுவார்?"

 மனுவில் என்ன எழுதியிருக்கிறதென்று அவளால் படிக்க முடியாது. இத்தனை பேர் இத்தனை தூரம் வந்து, இந்த இடத்தில் தன் வாய்தான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தாள். பெண் டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"நீங்க என்ன வேலை செய்வீங்கம்மா?"

"கரும்பு வெட்டுவன்."

"எப்படி வெட்டுவீங்க? சொல்லுங்க."

"சொல்லத் தெரியாதும்மா. வெட்டிக் காட்டவா?"

யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தைலம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டாள். வலது காலை முன்வைத்து இடுப்பை மடக்கிக் குனிந்தாள். வலது கை முன்னால் போய் முழங்கால் உயரத்தில் கரும்பைப் பிடித்தது. இடது கை வெளிப்பக்கமாகப் போய் வீசித் தரையை ஒட்டி வந்தது. அடிக்கட்டையில் ஒரு வெட்டு. வலது கை கரும்பைச் சாய்த்து நிமிர்த்தியது. இடது கை காய்ந்த இலைச் சோகையை ஒரு வழி வழித்துவிட்டு மேலே போய்க் கொழுந்தைக் கழித்தது. வலது கை வலப்பக்கம் வீசிப் போட்டது. கால் ஒரு எட்டு முன்னால் போனது. மறுபடி பிடித்தாள், வெட்டினாள், வழித்தாள், கழித்தாள், போட்டாள்.

முதல் இரண்டு கரும்புக்குத்தான் அவள் காட்டினாள். அதற்குப் பிறகு காட்டவில்லை, வெட்டினாள். ஒன்றரை வருசமாக அந்த உடம்பு இதைச் செய்யவில்லை. கட்டைவிரல் கத்திப்பிடியை இறுக்குவதும், ஆள்காட்டி விரல் அதன்மேல் படிவதும் அவளுக்கு அப்படியே தெரிந்தது. இல்லாத விரல்கள் வலித்தன. அந்த அறையின் குறுக்கே ஐந்தாறு எட்டு போய்விட்டாள். சுவர் வந்தது. சுவருக்கு முன்னால் குனிந்தபடி நின்று, தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து முந்தானையை அவிழ்த்து விட்டுக்கொண்டாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

வயதான டாக்டர் சொன்னார்: "உக்காரும்மா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க."

பெண் டாக்டர் கையை வாங்கிப் பார்த்தார். மிச்சமிருந்த மூன்று விரல்களின் அடியில் காய்ப்பு இன்னும் மறையவில்லை. வலது உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்: தலை பின்னுவது எப்படி, ரவிக்கை கொக்கி மாட்டுவது எப்படி, குடம், அடுப்பு, துணி பிழிவது. தைலம்மாள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பின்னல் பச்சையம்மாள் போட்டுவிடுகிறாள். கொக்கியைப் புருசன் மாட்டிவிடுகிறான். இதைச் சொல்லும்போது தலை குனிந்தது, ஆனாலும் சொன்னாள். துணியைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டி ஒரு கையால் முறுக்குகிறேன் என்றாள்.

"இதையெல்லாம் முதல் தடவை ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கல. நானும் சொல்லல."

வெளியே வந்ததும் ராசு எழுந்து வந்தான். "இன்னா ஆச்சி?"

"வெட்டிக் காட்னன்."

"எத்த வெட்டுன?"

"ஒண்ணுமில்ல. சும்மா." பிறகு சொன்னாள்: "யோவ், நீ இல்லாம வெட்னா எந்தப் பக்கம் போடறதுன்னே தெரியலய்யா."

ராசு அவளுடைய பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

புரட்டாசியில் தபால் வந்தது. தெரசா டீச்சர்தான் படித்தார். நாற்பது. சரியாக நாற்பது; ஒன்று கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. காலனியில் இருந்தவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ராசு அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலுதானா டீச்சர்? அவ கை வாகுக்கு நாலுதான் போட்டாங்களா?"

"விதியில அவ்ளோதான் ராசு."

"இருவது வருசம் மொத ஜோடி டீச்சர்."

"தெரியும்ப்பா. அதுக்கு அவங்ககிட்ட கட்டம் இல்ல."

தைலம்மாள் தாளை அவனிடமிருந்து வாங்கி மடித்தாள். "அந்த நாலு அப்பவே இருந்துதுய்யா. நான்தான் மறச்சி வெச்சிட்டன்," என்றாள்.

தாலுகா ஆபீசில் மறுபடி மனு கொடுத்தார்கள். அதே எழுத்தர்தான். நாற்பதைப் பார்த்ததும் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார். கிராம நிர்வாக அலுவலர் வந்து நேரில் விசாரித்து எழுதினால் அடுத்த மாதத்திலிருந்து வரும் என்றார்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து வெறித்திருந்தது. வாய்க்கால் கரையில் புல் முழங்கால் உயரம் நின்றது. பச்சையம்மாளின் மாட்டுக்குப் புல் அறுத்துக் கொடுத்தால் அவள் தினமும் அரைப்படி பால் ஊற்றுவாள். தைலம்மாள் காலையிலிருந்து கரையில் இருந்தாள். அப்போது பச்சையம்மாள் வரப்பில் ஓடிவந்தாள்.

"அருவாளப் போடுடி! போட்டுட்டு எழுந்து வா!"

"இன்னாடி?"

"வி.ஏ.ஓ. வந்துக்கீறாரு. ஒன் வூட்ட விசாரிச்சிக்கினு இங்கதான் வராரு. நீ வேல செய்யறதப் பாத்தாருன்னா அப்டியே எழுதிப்புடுவாரு. கைய மூடிக்கினு வூட்ல போயி ஒக்காரு."

மோட்டார் சைக்கிள் சத்தம் ஏற்கெனவே பாலத்துக்கு வந்துவிட்டது. தைலம்மாள் அரிவாளைப் புல்லுக்குள் போட்டுவிட்டு எழுந்தாள். ஈரக் காலோடு இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து, குனிந்து, புல்லுக்குள் தடவி அரிவாளை எடுத்தாள்.

"ஏண்டி, பைத்தியமா ஒனக்கு?"

"இருடி. எப்டி செய்றன்னு பாக்கட்டும்."

வி.ஏ.ஓ. செல்லமுத்துவுக்கு முப்பது வயதிருக்கும். கரையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பைலை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். "தைலம்மாள்ன்றது யாரு?"

"நான்தான் சார்."

சொல்லிவிட்டு அவள் வேலையை நிறுத்தவில்லை. இடது முழங்கையால் புல்லை வளைத்து அணைத்து, மூன்று விரலுக்கும் தொடைக்கும் நடுவே அழுத்திக்கொண்டாள். வலது கையில் இருந்த அரிவாளால் இழுத்தாள். பாதி வந்தது, பாதி நழுவி நிமிர்ந்துகொண்டது. நழுவியதை மறுபடி அணைத்தாள். ஒரு பிடி புல் விழ நான்கு இழுப்பு ஆனது. அவளுக்கு முன்னால் கிடந்த புல்லை இரண்டு கையால் அள்ளினால் ஒரு அள்ளுதான் வரும்.

பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். செல்லமுத்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டு முடிய எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"இவளுக்குன்னா அரை மணி சார். எனக்கு மத்தியானம் ஆவும்."

அவர் பைலைத் திறந்து ஏதோ எழுதினார். எழுதிவிட்டு மூடினார். பிறகு, "நாலு கேள்வி கேக்கணும். ஒரு ரேகை வேணும். அவசரமில்ல, மத்தியானம் வரேன்," என்றார். வண்டியைக் கிளப்பப் போனவர் நின்று சொன்னார்: "வேலை செய்யக் கூடாதுன்னு இதுல எங்கயும் எழுதலம்மா. மழை வர்றதுக்குள்ள முடிங்க."

கிழக்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. தைலம்மாள் முழங்கையால் அடுத்த பிடியை வளைத்தாள்.